குல்மார்க்கில் இருக்கும் செல்விக்கு

அன்புள்ள செல்வி,

உன் கடிதம் நேற்று ராத்திரி வந்தது. அடி எதுவும் படவில்லை என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய், நல்லது. இங்கே எல்லோரும் சௌக்கியம். நீ பனியில் சறுக்கி விழுந்து ஹெல்மெட் கேமராவைத் தொலைத்த விஷயத்தை மாலதியிடம் சொன்னேன். "ஏற்காட்டுக் குடைக்குத் துணை கிடைச்சாச்சு" என்று சொல்லிவிட்டு விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. உன் கடைசிப் பத்திதான் காரணம். வியாழக்கிழமை கொண்டோலா கேபிள் காரின் இரண்டாம் கட்டம் திறந்ததும் நீயும் ரவியும் ஷவலை எடுத்துக்கொண்டு மேலே போய் அந்தக் கேமராவைத் தோண்டித் தேடப் போகிறீர்களாம். போகாதேடி. வேண்டாம் என்று மட்டும் சொன்னால் நீ கேட்க மாட்டாய், அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

முதலில் உன் ஹெல்மெட்டைக் கையில் எடுத்துப் பார். கேமராவை மாட்ட ஒட்டிய அடித்தட்டு இன்னும் அதிலேயே இருக்கிறதா, அதுவும் போய்விட்டதா? தட்டு இருந்தால், கழன்றது கேமராவைத் தட்டில் சொருகும் பக்கிள். அப்படியானால் கீழே விழுந்த அடியில்தான் கேமரா போயிருக்கும். பக்கிளின் இரண்டு கிளைகளும் உள்ளே நசுங்காமல் இருக்க ஒரு சின்ன ரப்பர் அடைப்பு உண்டே, அதை நீ மாட்டுவதே இல்லை என்று ரவி முன்பே புகார் சொல்லியிருக்கிறான். தட்டும் சேர்ந்து போயிருந்தால் ஒட்டிய இடத்தை விரலால் தடவிப் பார். தட்டின் அடியில் இருந்த டேப்பின் நுரை பிய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தால் பசை நன்றாகப் பிடித்திருக்கிறது, பெரிய அடியில்தான் கிழிந்திருக்கிறது. வழவழவென்று சுத்தமாக இருந்தால் பசை பிடிக்கவே இல்லை என்று அர்த்தம். அன்று காலையில் அறையில் வைத்து ஒட்டினேன் என்று எழுதியிருக்கிறாய், எனக்கு இதுதான் சந்தேகம். அந்த வகை டேப் முழுப் பிடி பிடிக்க அறைவெப்பத்தில் 72 மணி நேரம் ஆகும். 24 மணி நேரத்தில் 90 சதவீதம் வந்துவிடும். குளிர்ந்துபோன ஹெல்மெட்டில் ஒட்டினால் பசை இறுகிப்போய் மேற்பரப்பில் படரவே படராது. உன்னுடைய மாதிரி சொரசொரப்பான மேட் பூச்சு என்றால் இன்னும் மோசம். பசை பிடிக்காமல் போயிருந்தால், நீ விழாத இடத்தில்கூட, ஒரு சின்னக் குதிப்பில் கழன்றிருக்கலாம். அப்படியானால் நீ தேட நினைக்கிற இடமே தப்பாக இருக்க வாய்ப்பு உண்டு.

இரண்டாவது, ரவி எடுத்த படம். நீ இரண்டு தடவை விழுந்ததாகச் சொல்கிறாய். முதல் தடவை எழுந்து நிற்கும்போது உன் தலையில் கேமரா இருந்ததா என்று ஒவ்வொரு ஃபிரேமாக நிறுத்திப் பாருங்கள். அதற்கு அப்புறம் எந்தப் பாறை, எந்த முகடு பின்னால் தெரிகிறதோ அதையும் குறித்து வையுங்கள். உன் வாட்ச் அன்றைய தடத்தைப் பதிவு செய்திருந்தால் இன்றைக்கே அதைக் கோப்பாக எடுத்துப் பத்திரப்படுத்து. தடத்தில் வேகம் சட்டென்று பூஜ்யமாகிற புள்ளிதான் நீ நின்ற இடம். கேமரா அதற்குக் கீழே இருக்காது. மேலேதான் இருக்கும், நீ முதலில் பனியில் மோதிய இடத்தில். ஆள் உருண்டு கீழே வந்துவிடுவாள், கனமான சின்னப் பொருள் மோதின இடத்திலேயே குழி போட்டு உள்ளே இறங்கிவிடும்.

இப்போது தோண்டுகிற கணக்கு. கேமரா கிட்டத்தட்ட 154 கிராம். அளவை வைத்துப் பார்த்தால் அதன் அடர்த்தி தண்ணீரைவிடக் கொஞ்சம் அதிகம். புதுப் பொடிப்பனியின் அடர்த்தி ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ, அதாவது பத்தில் ஒன்பது பங்கு வெறும் காற்று. வேகத்தோடு விழுகிற கேமரா அடியில் இருக்கும் பழைய கெட்டிப் படலம் வரைக்கும் போகும். வாட்சின் ஜிபிஎஸ் திறந்த வெளியில் மூன்று முதல் ஐந்து மீட்டர் வரை பிசகும், அதனால் தேட வேண்டிய பரப்பு குறைந்தது பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் என்று வைத்துக்கொள். அரை மீட்டர் ஆழம் என்றாலும் ஐந்து டன் வரை பனி. அதைச் சும்மா அள்ளிப் போட்டால் போதாது, மாவு சலிக்கிற மாதிரி சலித்தால்தான் கையளவுப் பெட்டி கண்ணில் படும். ப்ரோப் கம்பியால் குத்திப் பார்க்கிறேன் என்று ரவி சொல்வான். அது மனித உடம்பைத் தேடுவதற்கான கருவி, அதற்கு அரை மீட்டர் இடைவெளி போதும். கேமராவில் பட வேண்டுமானால் ஐந்து சென்டிமீட்டருக்கு ஒரு குத்து. ஒரு சதுர மீட்டருக்கு 400, உங்கள் பரப்புக்கு 40,000. பட்டாலும் அது கேமராவா, கெட்டிப் பனியா, கல்லா என்று கைக்குத் தெரியாது.

போனில் கேமராவின் ஆப்பைத் திறந்து அதைப் பீப் சத்தம் போடவைக்கலாம் என்ற யோசனை அன்றைக்கு, விழுந்த அடுத்த அரைமணிக்குள் நல்ல யோசனை. காய்ந்த பனி ப்ளூடூத்தை அதிகம் தடுக்காது, ஈரப்பனிதான் விழுங்கிவிடும். ஆனால் பதிவு ஓடிக்கொண்டிருந்த கேமரா, அந்தக் குளிரில் ஒரு மணி நேரம் தாங்கியிருந்தாலே அதிகம். இப்போது பேட்டரி செத்திருக்கும், உள்ளே இருந்து எந்த சிக்னலும் வராது. மெட்டல் டிடெக்டர் வாங்கி வரலாமா என்று கேட்டிருக்கிறாயே, எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டுக்குப் பக்கத்து முகட்டில், ராணுவக் காவல் இருக்கிற இடத்தில், அனுமதி இல்லாமல் அதைத் தூக்கிக்கொண்டு அலையாதே.

ஆனால் நான் பயப்படுவது இதற்கெல்லாம் இல்லை.

நீ வரைந்து அனுப்பிய படத்தின்படி அந்த இடம் கொண்டோலாக் கம்பிக்குக் கீழே கிண்ணம் மாதிரி குழிந்திருக்கும் பிரதானச் சரிவில், அதாவது பிரதானக் கிண்ணத்தில், இல்லை. வேலியைத் தாண்டிப் பக்கத்துக் கிண்ணத்தின் அடிவாரத்தில் இருக்கிறது. சறுக்குச் சரிவுகளைக் காக்கும் பேட்ரோல்காரர்கள் வெடிவைத்துப் பனியைச் சரியவைத்துப் பாதுகாப்பது பிரதானக் கிண்ணத்தை மட்டும்தான். அந்தப் பக்கம் யாரும் எதையும் செய்வதில்லை. அஃபர்வத் மலையின் அந்தச் சரிவுகள் நிறைய இடத்தில் 30 முதல் 45 பாகைக்குள் இருக்கின்றன, பனி பலகை பலகையாகப் பெயர்ந்து வரும் பலகைப் பனிச்சரிவு கிளம்புவதும் அந்தச் சாய்வில்தான். இரண்டு நாள் புதுப்பனி, மேலே காற்று, அதனால்தானே கொண்டோலாவையே மூடிவைத்திருக்கிறார்கள்? திறக்கிற முதல் நாள்தான் மேலே ஆட்கள் முண்டியடித்துப் போவார்கள், உங்கள் தலைக்கு மேலே இருக்கும் சரிவில் யார் கோடு போடுகிறார்கள் என்று உங்களுக்குத் தெரியாது. சறுக்கிக்கொண்டு போகிறவர் அந்த அடிவாரத்தைச் சில விநாடியில் தாண்டிவிடுவார். நீங்கள் அங்கேயே மணிக்கணக்கில் முதுகைக் காட்டிக் குனிந்து நிற்கப் போகிறீர்கள்.

2010 பிப்ரவரி 8 அன்று குல்மார்க் பக்கத்துக் கிலன்மார்க்கில் பயிற்சியில் இருந்த ராணுவத்தினர் 17 பேரை ஒரே பனிச்சரிவு கொண்டுபோனது. மலையும் பனியும் தெரிந்த ஆட்கள் அவர்கள். 2024 பிப்ரவரியில் அதே மலைப்பக்கம் ரஷ்யாவிலிருந்து சறுக்க வந்த ஒருவர் இறந்தார். புதைந்தவரைக் கால்மணிக்குள் வெளியே எடுத்தால் பெரும்பாலும் பிழைக்கவைக்கலாம், அரைமணி தாண்டினால் மூன்றில் ஒருவர் பிழைப்பதே கடினம். நீங்கள் இரண்டே பேர். இரண்டு பேரும் ஒரே குழியில் நின்று தோண்டினால், புதைந்தவரை எடுக்க வெளியே யார் இருக்கிறார்கள்? செல்வி, முப்பது நாற்பதாயிரம் ரூபாய்ச் சாமான். அதில் இருக்கும் படமும் போகட்டும்.

சரி, அதற்குப் பதில் என்ன செய்யலாம்? கொண்டோலாவின் முதல் கட்டம் முடியும் கொங்டூரியில் இருக்கும் பேட்ரோல் அறையிலும் கொண்டோலா நிலையத்திலும் எழுதிக் கொடு. என்ன மாடல், என்ன நிறம், தட்டு ஒட்டியிருக்கிறதா, எந்த இடம் என்று வாட்ச் காட்டும் அட்சரேகை தீர்க்கரேகையோடு. உன் போன் நம்பரோடு ரவியின் நம்பரையும் கொடு. நம்ம ஊர் பிரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது, அதனால் அவனுடைய போஸ்ட்பெய்டு நம்பர்தான் அங்கிருந்து பேசுகிறவர்களுக்கு உதவும். உன் வழிகாட்டிக்கும், தங்மார்க்கில் இருக்கும் அவருடைய ஆட்களுக்கும் சொல்லிவை. கிடைத்துக் கொடுப்பவருக்கு என்ன தருவாய் என்பதையும் வெளிப்படையாகச் சொல். வெயில் காலத்தில் குஜ்ஜர், பக்கர்வால் மேய்ப்பர்கள் ஆடுகளோடு அந்தப் புல்வெளிகளுக்கு ஏறுவார்கள். பனியிலிருந்து வெளிப்படுகிற பொருள் முதலில் அவர்கள் கண்ணில்தான் படும். கறுப்புப் பொருள் வெயிலை வாங்கிச் சூடாகி, சுற்றியுள்ள பனியை முதலில் உருக்கும், அதனால் மே மாதவாக்கில் அது ஒரு சின்னக் குழியில் உட்கார்ந்திருக்கும். நீ போவதாக இருந்தால் அப்போது போ. அந்தத் தடத்தோடு, நடந்தே.

அதுவரை கெட்டுப்போகுமா என்று கவலைப்படாதே. தண்ணீருக்குள் பத்து மீட்டர் தாங்கும் கேமரா அது, பேட்டரிக் கதவு மூடியிருந்தால் போதும். மெமரி கார்டுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. கைக்கு வந்ததும் அவசரப்பட்டுக் கதவைத் திறக்காதே. ஜிப் கவரில் போட்டு மூடி, அறைவெப்பத்துக்கு வந்த பிறகு திற. இல்லாவிட்டால் உள்ளே நீர் கோத்துவிடும். பேட்டரியையும் கார்டையும் வெளியே எடு. பேட்டரி உப்பியிருந்தால் தூக்கிப்போடு, உப்பாவிட்டாலும் ஜில்லென்று இருக்கும்போது சார்ஜ் போடாதே. அரிசிக்குள் புதைக்கச் சொல்வார்கள், கேட்காதே. சிலிக்கா ஜெல் பாக்கெட்டுகளோடு டப்பாவில் இரண்டு மூன்று நாள் வை. கடைசிப் பதிவு பாதியில் அறுந்திருந்தால் வீடியோ திறக்காது, கோப்பின் அட்டவணைப் பகுதி கடைசியில்தான் எழுதப்படுகிறது, அதனால்தான். கார்டைக் கணினியில் போட்டு நோண்டாமல், அதே கேமராவில் போட்டு ஆன் செய், அதுவே சரிசெய்யப் பார்க்கும்.

இனி அடுத்த கேமரா. ஸ்க்ரூ போட்டு முடுக்கிவிடப் போகிறேன் என்று எழுதியிருந்தாயே, ஹெல்மெட்டில் ஓட்டை போட்டாய் என்றால் நான் அந்த ஹெல்மெட்டையே உடைத்துவிடுவேன். 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல்லில் கார் பந்தய வீரர் ஷூமாக்கர் பனியில் சறுக்கி விழுந்தபோது அவர் ஹெல்மெட்டிலும் கேமரா இருந்தது. அது ஹெல்மெட்டைப் பலவீனப்படுத்தியதா என்ற பேச்சு அப்போதே கிளம்பியது. ஹெல்மெட் சோதனைகள் எல்லாம் வெறும் ஹெல்மெட்டுக்குத்தான், மேலே கல் மாதிரி ஒன்று துருத்திக்கொண்டிருக்கும் ஹெல்மெட்டுக்கு இல்லை. தலையில் அடிபடும்போது கேமரா கழன்று ஓட வேண்டும். உன் கேமரா கழன்று போனதில் எனக்கு உள்ளூர நிம்மதிதான்.

மார்புப் பட்டியில் மாட்டலாம் என்றால், அங்கே உன் பீக்கன் இருக்கிறது, பனியில் புதைந்தவரைக் கண்டுபிடிக்க சிக்னல் அனுப்பும் கருவி. எந்த எலக்ட்ரானிக் சாமானும் பீக்கனிலிருந்து, அது சிக்னல் அனுப்பும்போது 20 சென்டிமீட்டர், அதை வைத்துத் தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்க வேண்டும். மார்பில் மாட்டினால் இரண்டும் உரசிக்கொண்டு இருக்கும். அதனால் ஆழப்பனிக்கு ஹெல்மெட்தான் சரியான இடம். டேப்போடு, ஓட்டை வேண்டாம். வீட்டிலேயே ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, கிளம்புவதற்கு மூன்று நாள் முன்னால் ஒட்டு. நீளக் கயிறு கட்டாதே, கழன்ற கேமரா சுழன்று வந்து முகத்தில் அடிக்கும். அதற்குப் பதில், தொலைந்த பொருளைத் தேட உதவும் 11 கிராம் ஏர்டேக் வில்லை ஒன்றைக் கேமராவின் கூட்டில் சேர்த்துக் கட்டிவிடு. காசுபோல் இருக்கும் அதன் பேட்டரி குளிரில் சோர்ந்தாலும், பக்கத்தில் போனால் ஐபோன் திசை காட்டும். கார்டில் முதல் படமாக உன் பெயரும் நம்பரும் எழுதிய தாளைப் படம் எடுத்து வை, கண்டெடுப்பவர் முதலில் அதைத்தான் பார்ப்பார்.

அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கறுப்புக் கண்ணாடியோடு ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறாள். குங்குமப்பூ உண்மையானதுதானா என்று பார்த்து வாங்கச் சொன்னாள்.

ரவியின் வீடியோவைச் சுருக்காமல் அப்படியே அனுப்பு, நானும் ஒவ்வொரு ஃபிரேமாகப் பார்க்கிறேன். வியாழக்கிழமை மேலே போகவில்லை என்று புதன்கிழமை சாயங்காலத்துக்குள் உன் பதில் வர வேண்டும். வராவிட்டால் அண்ணனுக்கே போன் போட்டுவிடுவேன்.

அன்புடன்,
வசந்தி