பெற்றோர் ஆசிரியர் கழகம்: செயலரின் ஆண்டறிக்கை, 2024–2025

மதிப்பிற்குரிய தாளாளர் தந்தை அவர்களுக்கும், தலைமை ஆசிரியை அருட்சகோதரி அவர்களுக்கும், ஆசிரியப் பெருமக்களுக்கும், தொழிலுக்குப் போகாமல் இன்று இங்கே வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

கடலோரத்து எளிய பிள்ளைகளுக்கு அறிவையும் அன்பையும் பாகுபாடின்றி வழங்குவதே நம் நடுநிலைப் பள்ளியின் நோக்கம். இந்த ஆண்டு அதற்கு ஒரு சோதனை வந்தது. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் 15.7.2024 அன்று ஊரக அரசு உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவுபடுத்தப்பட்டதால், 1 முதல் 5ஆம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் பசியாறினார்கள். ஆனால் ஆறு முதல் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அதில் இடமில்லை. ஒரு புதன்கிழமை, மூன்றாம் வகுப்புத் தங்கை தன் தட்டிலிருந்த பொங்கலில் பாதியை ஒதுக்கி ஏழாம் வகுப்பு அண்ணன் பக்கம் நகர்த்தியதையும், அவன் "நான் வீட்டிலேயே சாப்பிட்டுட்டேன், நீ சாப்பிடு" என்று சொல்லித் திரும்பிக்கொண்டதையும் நான் நேரில் பார்த்தேன். கரையில் வலையிலிருந்து மீன் பிரித்துக் கொடுத்துவிட்டு நேரே பள்ளிக்கு வந்த அவனுடைய முழங்கையில் செதில் காயாமல் ஒட்டியிருந்தது.

அந்த வாரமே செயற்குழு கூடியது. வறிய பிள்ளைகளை மட்டும் கணக்கெடுத்து உதவலாம் என்றே நானும் கருதினேன். தலைமை ஆசிரியை அதை ஏற்கவில்லை. பெயர் எழுதி வாங்கும் உணவு பிள்ளையின் தலையைக் குனியவைக்கும், கொடுத்தால் மூன்று வகுப்புக்கும் கொடுப்போம் என்றார். அவர் சொன்னதே சரி. கடல்பாசி எடுக்கும் தாய்மார்கள் முதல் பங்கைத் தர, ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை அனைவருக்கும் கேழ்வரகுக் கஞ்சியும் சுண்டலும் தொடர்ந்து வழங்கப்பட்டன.

கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும் மற்றவர்களுக்கு நன்னெறி வகுப்பும் வழக்கம்போல் நடந்தன. 1693இல் ஓரியூரில் உயிர்நீத்த புனித அருளானந்தரின் நினைவு நாளான பிப்ரவரி 4 அன்று அங்கு சென்ற குழுவில் இந்து, இசுலாமியக் குடும்பங்களும் விரும்பிக் கலந்துகொண்டன.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுக் குடும்பங்களில் வருமானம் நின்றுவிடுவதால், அந்நாள்களில் கழகச் சந்தா வசூலிப்பதில்லை என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிப்பார்.

எட்டாம் வகுப்பு முடித்த பெண் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குச் செல்ல, காலை நேரப் பேருந்து கேட்டு அளித்த மனுவுக்கு இதுவரை பதில் வரவில்லை. ஜூன் மாதத்துக்குள் மீண்டும் நேரில் சென்று வலியுறுத்த, பெற்றோர் ஐவர் இன்றே பெயர் கொடுக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலர்