போனைக் குடுக்கறதுதான் குடுக்கறோம், இதைப் போட்டுக் குடுப்போம்

அன்பான பெற்றோர்களுக்கு வணக்கம்ங்க.

அரையாண்டுப் பரீட்சை முடிஞ்சு லீவு விடறோம். லீவு ஹோம்வொர்க் என்னன்னு கிளாஸ் குரூப்ல இப்பவே கேக்க ஆரம்பிச்சுட்டீங்க. எழுதறதுக்கு இந்தத் தடவை ஒன்னும் கிடையாது. கேக்கறதுக்குத்தான் கொஞ்சம் இருக்கு, அதுவும் பிள்ளைங்களுக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் சேர்த்துத்தான். பாட்காஸ்ட் பத்தி எழுதறேன். ஏற்கனவே கேக்கறவங்க இருப்பீங்க, தெரியாதவங்களுக்குச் சொல்றதுன்னா ரேடியோ நிகழ்ச்சிதான், ஆனா நமக்கு எப்ப தோதுப்படுதோ அப்ப போன்ல போட்டுக் கேக்கலாம், பாதில நிறுத்திட்டு மறுநாள் மிச்சத்தைக் கேக்கலாம்.

இது எதுக்குன்னா, ஒன்பதாம் கிளாஸ்ல கொடி காத்த குமரன் பத்திப் பேச்சு வந்துச்சு, ஒரு பையன் எந்திரிச்சு போலீஸ் துப்பாக்கியால சுட்டதுல செத்தாருன்னு அடிச்சுச் சொல்றான். ரீல்ஸ்ல பாத்தானாம், டுமீல்னு சவுண்டு வேற வந்துச்சாம். 1932 ஜனவரி 10ஆம் தேதி ஊர்வலம் போனவரைப் போலீஸ் தடியால அடிச்சதுல மண்டை உடைஞ்சு, மறுநாள் உயிர் போச்சு, இதுதான் நடந்தது. அவர் நினைவகம் நம்ம திருப்பூர் ரயில்வே ஸ்டேஷன் பக்கத்துலயே இருக்கு, அந்தப் பையன் வர்ற டவுன் பஸ் தினமும் அந்த வழியாத்தான் வருது. அவனைத் திட்டிப் பிரயோஜனம் இல்லீங்க, அவனுக்கு வரலாறு சொன்னது முப்பது செகண்ட் வீடியோ, அதுக்குள்ள யாருக்கும் எதையும் ஒழுங்காச் சொல்ல முடியாது, சவுண்டு மட்டும்தான் விட முடியும்.

சரி, பாட்காஸ்ட்னா ஆயிரம் இருக்கே, அமெரிக்கா லண்டன்ல எல்லாம் பிரமாதமாப் பண்றாங்களேன்னு கேப்பீங்க. பண்றாங்க, நானும் கேக்கறேன், இங்கிலீஷ் உச்சரிப்புக்கு நல்லதுதான். ஆனா அதுல ஒருத்தர் ஒன்னு சொன்னா நானும் நீங்களும் தலைய ஆட்டிட்டுக் கேக்க வேண்டியதுதான், மறுத்துப் பேச நம்மகிட்ட ஒன்னும் இல்ல. நம்ம நாட்டுல, நம்ம ஆளுங்க பண்ற நிகழ்ச்சின்னா அப்படி இல்ல. சத்துணவு பத்தி ஒரு எபிசோட் ஓடுதுன்னு வைங்க, 1982ல எம்.ஜி.ஆர். ஆரம்பிச்சாரு, அதுக்கு முன்னாடியே காமராஜர் மதிய உணவு போட்டாருன்னு பேசறவர் சொல்லுவாரு. அந்தச் சாப்பாட்டைத் தட்டுல வாங்கிச் சாப்பிட்டவங்க நம்ம வீட்டுலயே உக்காந்திருக்காங்க. எத்தனை மணிக்குப் பெல் அடிச்சாங்க, யாரு வரிசையில நின்னாங்க, யாரு நிக்க வெக்கப்பட்டாங்க, இதெல்லாம் மைக்கு முன்னாடி பேசறவரை விட உங்க அம்மாவுக்கு நல்லாத் தெரியும். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தப்ப காலேஜ்ல இருந்தவங்களுக்கு இன்னைக்கு எண்பது வயசு ஒட்டி இருக்கும், அப்படி நாலஞ்சு தாத்தாமாரு நம்ம பிள்ளைங்க வீட்டுல இருக்காங்க. நிகழ்ச்சியை நடுவுல நிறுத்திட்டு அவங்க "அது அப்படி இல்லடா கண்ணு"ன்னு ஆரம்பிப்பாங்க பாருங்க, அதுக்குத்தான் நம்ம ஊர் பாட்காஸ்ட்டையே கேக்கச் சொல்றேன்.

இப்ப எதைக் கேக்கறதுன்னு. நியூஸுக்கு முதல்ல ஓசில கிடைக்கிற ஆகாசவாணியைச் சொல்லிடறேன். டெல்லில இருந்து சரோஜ் நாராயணசாமி செய்தி வாசிச்ச குரல் உங்கள்ல பல பேருக்கு இன்னும் காதுல இருக்கும். அந்தத் தமிழ்ச் செய்தி, மாநிலச் செய்தி ரெண்டும் இப்ப அவங்க வெப்சைட்லயே ஆடியோவா ஏத்தறாங்க. சின்ன வகுப்புப் பிள்ளைங்களுக்கு இது போதும்ங்க, கத்தல் கிடையாது, பின்னாடி மியூசிக் கிடையாது. அரசாங்கத்தோட ரேடியோ, அதனால அரசாங்கம் சொல்றதுக்குத்தான் அதுல இடம் ஜாஸ்தின்னு பெரிய பிள்ளைங்ககிட்ட சொல்லிடுங்க.

பத்தாவதுக்கு மேல உள்ளவங்களுக்கு இங்கிலீஷ்ல ரெண்டு. இந்தியன் எக்ஸ்பிரஸ் பேப்பர்ல இருந்து த்ரீ திங்ஸ்னு ஒன்னு வருது, அன்னைக்கு நடந்ததுல மூணு விஷயத்தை எடுத்து, அதை எழுதின ரிப்போர்ட்டரையே கூப்பிட்டுக் கேப்பாங்க. தி இந்துல இன் ஃபோகஸ்னு வருது, அது ஒரு எபிசோடுக்கு ஒரே விஷயம். எனக்கு ரெண்டாவதுதான் பிடிக்கும், ஏன்னா ஒரு சட்டமோ தீர்ப்போ வந்தா அது எங்க ஆரம்பிச்சுது, யாருக்கு என்ன நஷ்டம்னு பொறுமையாப் போவாங்க. இங்கிலீஷ் வேகமா இருந்தா ஸ்பீடைக் கொறச்சு வெக்கிற வசதி போன்லயே இருக்கு, அதுல ஒன்னும் அவமானம் இல்ல.

தமிழ்ல அரசியல்னா விகடனோட இம்பர்ஃபெக்ட் ஷோ உங்க வீட்டுல ஏற்கனவே ஓடிட்டிருக்கும், கிண்டல் தூக்கலா இருக்கும், நான் கேக்க வேண்டாம்னு சொல்லல. ஆனா எட்டாவது பையன் கிண்டலை மட்டும் புடிச்சுட்டு விஷயத்தை விட்டுருவான், அதனால அதைத் தனியா விடாம நீங்க கூட இருந்து கேளுங்க. இன்னொன்னும் சொல்லணும், நீங்க எந்தக் கட்சியோ அது உங்க விருப்பம், எங்களுக்குத் தேவையில்ல. பிள்ளைங்க காதுல ஒரே பக்கம் மட்டும் விழாமப் பாத்துக்குங்க, நம்ம ஆளைத் திட்டற எபிசோட் வந்தா உடனே மாத்தாதீங்க, முழுசாக் கேட்டுட்டு அப்புறமா வீட்டுல சண்டை போடுங்க.

வரலாறுன்னு வந்தா நான் கொஞ்சம் நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்குங்க, முப்பது வருசமா அதைத்தான் நடத்தறேன். எக்கோஸ் ஆஃப் இந்தியான்னு அனிருத் கனிசெட்டி பண்ணின தொடர் ஒன்னு இருக்கு, இங்கிலீஷ்தான், பழைய காலத்து இந்தியாவைக் கதை மாதிரி சொல்லுவாரு. அதுல ரோம் வியாபாரம், கப்பல், மிளகுன்னு பேச்சு வர்றப்ப நிறுத்திட்டு, கொடுமணல் எங்க இருக்குன்னு பிள்ளையைக் கேளுங்க. சென்னிமலைப் பக்கம், நம்ம நொய்யல் கரையில, கல்லுல மணி கோத்தும் இரும்பு உருக்கியும் ஏற்றுமதி பண்ணின ஊரு, சங்கப் பாட்டுலயே பேர் வருது, தமிழ் எழுத்துப் பொறிச்ச பானை ஓடும் அங்க கிடைச்சிருக்கு. இன்னைக்கு பனியன் ஏத்தி அனுப்பற இதே ஆத்தங்கரைல ரெண்டாயிரம் வருசத்துக்கு முன்னாடியே எக்ஸ்போர்ட் நடந்திருக்குங்க. ஒரு ஞாயித்துக்கிழமை வண்டியை எடுத்தா போயிட்டு வந்துரலாம்.

தமிழ்லயே வேணும்னா சென்னைல தமிழ் பாரம்பரிய அறக்கட்டளைன்னு ஒரு குழு மாசாமாசம் கூட்டம் போட்டு, கோயில், சிற்பம், கல்வெட்டு, ஓவியம்னு தெரிஞ்சவங்களைப் பேச வெச்சு யூடியூப்ல ஏத்தறாங்க. ரோஜா முத்தையா நூலகமும் சிந்துவெளி, கீழடி பத்தின உரைங்க போடறாங்க. பாட்காஸ்ட்னு பேர் இல்ல, ஆனா போனைக் கவுத்து வெச்சுட்டுக் கேட்டா அதுவும் பாட்காஸ்ட்தான், ஸ்கிரீனை ஆஃப் பண்ணினா மட்டும் காசு கட்டாதவங்களுக்கு நின்னு போயிரும். கதை கேக்கணும்னா தீபிகா அருணோட கதை ஓசை, தமிழ்க் கதைங்களை நல்லா வாசிப்பாங்க, தமிழ் வாசிக்கத் திணர்ற பிள்ளைங்களுக்குப் புஸ்தகத்தைக் கையில குடுத்துட்டு இதைப் போட்டு விடுங்க. நம்ம தமிழ் மிஸ் இதை ஆறாவதுல பண்ணிப் பாத்துட்டுத்தான் சொல்றாங்க.

சுனோ இந்தியான்னு ஒரு பாட்காஸ்ட் குழு 2018ல ஆரம்பிச்சது, டிவில வராத விஷயமாத் தேடித் தேடிப் பேசறவங்க, தத்தெடுக்கறதைப் பத்தி மட்டுமே டியர் பாரின்னு ஒரு தொடர் பண்ணிருக்காங்க. சுற்றுச்சூழல் பத்தி நிறையப் பேசுவாங்க. ஆறு கெட்டுப் போற கதையெல்லாம் நம்மளுக்கு ஒருத்தர் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, சாயத்தண்ணி வந்து தேங்கின ஒரத்துப்பாளையம் டேம் எப்படி இருந்துச்சு, 2011ல ஐகோர்ட் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னப்ப யாரு வீட்டுல வேலை போச்சு, யாரு கடன் வாங்குனாங்க, தண்ணி கெட்டுப் போன விவசாயி, சாயப்பட்டறைல வேலை போனவர்னு ரெண்டு பக்கத்து ஆளுங்க பிள்ளைங்களும் ஒரே பெஞ்சுல உக்காந்து படிக்குது. அந்த மாதிரி எபிசோட் கேட்டா வீட்டுல நடந்ததையும் சேர்த்துச் சொல்லுங்க, மறைக்காதீங்க.

ஒவ்வொரு விருந்தாளியா உக்கார வெச்சு இங்கிலீஷ்ல நீளமாப் பேசற அமித் வர்மாவோட தி சீன் அண்ட் தி அன்சீன் பத்தி உங்கள்ல சில பேர் கேட்டிருந்தீங்க. 2017ல சின்னச் சின்ன எபிசோடா ஆரம்பிச்சது, இப்ப ஒன்னொன்னும் பல மணி நேரம் ஓடுது. பன்னெண்டாவது முடிச்சவங்களுக்கும் உங்களுக்கும் நல்லது, பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்கு வேண்டாம், பெரியவங்க பேச்சு அது.

நெட் பேக் பத்திக் கவலைப்படறவங்களுக்கு, ஆடியோ ஒரு நிமிசத்துக்குச் சுமாரா ஒரு எம்பிதான் இழுக்கும், அரை மணி நேரம் கேட்டா முப்பது எம்பி, வீடியோ பாக்கறதுல இது ஒன்னுமே இல்ல. வைஃபை கிடைக்கிற இடத்துல டவுன்லோட் பண்ணி வெச்சுட்டா அதுவும் ஆகாது, ஸ்பாட்டிஃபைல காசு கட்டாமலே பாட்காஸ்ட் டவுன்லோட் ஆகும். கூகுள் பாட்காஸ்ட்ஸ்னு ஒரு ஆப்பு இருந்துச்சே, அதை 2024ல மூடிட்டாங்க, தேடாதீங்க.

ஒன்றரை ஷிப்ட் முடிச்சுட்டு ராத்திரி ஒம்பது மணிக்கு வர்றவங்ககிட்ட போய் பிள்ளையோட உக்காந்து கேளுங்கன்னு சொல்ல எனக்கே சங்கடமாத்தான் இருக்கு. தனியா நேரம் ஒதுக்க வேண்டாம்ங்க. பவர் டேபிள்ல உக்காந்து தைக்கிறப்ப நாள் முழுக்க பாட்டு ஓடுதில்ல, அதுல ஒரு இருபது நிமிசம் இதை ஓட விடுங்க, அதையே பிள்ளையும் வீட்டுல கேக்கட்டும், சாப்பிடறப்ப ஒரே ஒரு கேள்வி கேளுங்க: "அவங்க சொன்னதுல உனக்கு எது நம்பற மாதிரி இல்ல?" வாரத்துக்கு ஒன்னு போதும். நோட்டுல எழுதி வாங்க வேண்டாம், நாங்களும் திருத்த மாட்டோம், மார்க்கும் கிடையாது.

லிங்க் எல்லாம் சோசியல் சார் கிளாஸ் குரூப்ல பின் பண்ணி வெச்சிருக்காரு. நீங்க கேக்கறதுல நல்லதா ஏதாவது இருந்தா அவருக்கே அனுப்புங்க, குரூப்ல போட்டா குட் மார்னிங் படத்துக்கு நடுவுல காணாமப் போயிரும்.

கடைசியா ஒன்னு, ஸ்கூல் திறந்த அப்புறம் பாட்காஸ்ட் கேக்கறதுக்குத்தான்னு சொல்லி பிள்ளைங்க பையில போனை வெச்சு அனுப்பாதீங்க, வாங்கி பீரோல வெச்சுருவோம், நீங்கதான் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிட்டுப் போகணும்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்