விண்ணப்பம் முடியும் முன் விடைத்தாளைக் காட்டுங்கள்: சி.ஏ. தேர்வுக் குழுவுக்குத் திறந்த மடல்

இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் தேர்வுக் குழுவினருக்கு,

வணக்கம்.

2025 மே மாத இறுதித் தேர்வின் முடிவு ஜூலை 6 அன்று வந்தது. செப்டம்பர் தேர்வுக்கான விண்ணப்பம் ஜூலை 18-இல் முடிந்தது. 600 ரூபாய் தாமதக் கட்டணம் கட்டினால் 21 வரை இழுத்திருக்கலாம். முதல் தாள் செப்டம்பர் 3. ஆக, தவறியவர் மீண்டும் எழுத இருந்தது 59 நாள். தலா மூன்று தாள் கொண்ட இரண்டு குரூப்பில் எதை எழுதுவது என்று முடிவு செய்ய 12 நாள். 2025-இல் ஆண்டுக்கு மூன்று தேர்வு என்றானதால் வந்த நெருக்கடி இது. கூடுதல் வாய்ப்பை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த வாய்ப்பைப் பயன்படுத்தத் தேவையான ஒன்றை மட்டும் கையில் தராமல் வைத்திருக்கிறீர்கள் என்பதுதான் குறை.

கேட்பது இது: முடிவு வெளியான ஒரு வாரத்துக்குள், கேள்வி வாரியான மதிப்பெண்ணோடு விடைத்தாள் நகலை மாணவரின் இணையக் கணக்கில் போடுங்கள்.

அந்த மே தேர்வில் முதல் குரூப்பில் தேறியவர்கள் 22.38 சதவீதம். இரண்டு குரூப்பும் சேர்த்து எழுதியவர்களில் தேறியவர்கள் 18.75 சதவீதம். தேர்வு கடினமாகவே இருக்கட்டும். கருணை மதிப்பெண் யாரும் கேட்கவில்லை. ஆனால் மீதிப்பேர் மறுபடி படிக்க உட்காரும்போது அவர்கள் கையில் இருப்பது என்ன? தாளுக்கு ஓர் எண். அவ்வளவுதான்.

ஒரு பட்டியலை எடுத்துக்கொள்வோம். ஃபைனான்ஷியல் ரிப்போர்ட்டிங் (எஃப்.ஆர்.) 61, அட்வான்ஸ்டு ஃபைனான்ஷியல் மேனேஜ்மென்ட் (ஏ.எஃப்.எம்.) 44, ஆடிட் 37. மொத்தம் 142. தேற ஒவ்வொரு தாளிலும் 40, குரூப்பில் 300-க்கு 150 வேண்டும். ஆடிட்டில் 40-க்கு மூன்று குறைவு, குரூப்பில் 150-க்கு எட்டுக் குறைவு. 60-ஐத் தாண்டிய எஃப்.ஆர். தாளுக்கு அடுத்த மூன்று அட்டெம்ப்ட் வரை எக்ஸெம்ப்ஷன் உண்டு, அதை மறுபடி எழுத வேண்டாம். அந்த 61 கணக்கில் நிற்பதால் மீதி இரண்டு தாளில் 89 எடுக்க வேண்டும், எதிலும் 40-க்குக் குறையாமல். இதுவரை பட்டியலே சொல்லிவிடும். அந்த 37 எப்படி வந்தது என்று மட்டும் சொல்லாது.

ஆடிட் தாளில் 30 மதிப்பெண் எம்.சி.க்யூ. (சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்), 70 மதிப்பெண் எழுத்து. எம்.சி.க்யூ.வில் 22, எழுத்தில் 15 என்று வந்த 37 ஒரு வகை. 10-ம் 27-ம் சேர்ந்த 37 வேறு வகை. முதலாமவருக்குப் பாடம் தெரியும், எழுதத் தெரியவில்லை. தரநிலை என்ன சொல்கிறது, கேள்வியில் உள்ள சூழ்நிலைக்கு அது எப்படிப் பொருந்துகிறது, முடிவு என்ன என்ற வரிசையில் மூன்று மணி நேரம் கடிகாரத்தை வைத்து மாதிரித் தேர்வுத் தாள்களை (எம்.டி.பி.) எழுதிப் பார்த்தால் தேறிவிடுவார். இரண்டாமவர் ஸ்டடி மெட்டீரியலையே முதலிலிருந்து எடுக்க வேண்டும். இருவருக்கும் மருந்து வேறு. நீங்கள் தரும் சீட்டில் இருவருக்கும் ஒரே 37.

இன்னும் உள்ளே போனால் வேதனை கூடும். எஸ்.ஏ. 705 என்ற தணிக்கைத் தரநிலையில், ‘கணக்கு சரியில்லை’ என்னும் அட்வர்ஸ் கருத்துக்கும் ‘கருத்துச் சொல்ல இயலாது’ என்னும் டிஸ்க்ளெய்மருக்கும் உள்ள வேறுபாட்டைக் குழப்பிக்கொள்பவர்கள் ஏராளம். போதிய சான்று கிடைத்து, பிழை பெரியதாகவும் கணக்கு முழுவதும் பரவியதாகவும் இருந்தால் அட்வர்ஸ். சான்றே கிடைக்காமல், அதன் விளைவு அப்படிப் பரவியிருக்கக்கூடும் என்றால் டிஸ்க்ளெய்மர். அந்தக் கேள்வியின் ஓரத்தில் விழுந்த பூஜ்யத்தைப் பார்த்தால் ஒரு மாலையில் சரிசெய்துவிடலாம். பார்க்காதவர் எஸ்.ஏ. 200-இலிருந்து மறுபடி தொடங்குகிறார். கணக்குத் தாளிலும் இதே கதைதான். ஒரு நிறுவனம் இன்னொன்றை வாங்குவதற்கான இண்ட் ஏ.எஸ். 103 தரநிலைக் கணக்கில் சிறுபான்மைப் பங்கை நியாய மதிப்பில் எடுக்கச் சொல்லியிருக்க, நிகர சொத்தின் விகிதத்தில் எடுத்துவிட்டால் குட்வில் (நற்பெயர் மதிப்பு) தவறும், அதைத் தொடர்ந்து ஐந்தொகையும் தவறும். அதற்குப் பிறகான படிகளுக்கு ஸ்டெப் மார்க் விழுந்ததா, மொத்தமும் போனதா? விழுந்திருந்தால் கணக்கு முறையை மாற்ற வேண்டியதில்லை, கேள்வியை நிதானமாகப் படித்தால் போதும். தெரியாதவர் அத்தியாயம் முழுவதையும் திரும்பப் போட்டுப் பார்க்கிறார், 59 நாளில்.

குரூப்பைத் தேர்ந்தெடுப்பதற்கும் இது வேண்டும். இரண்டு குரூப்பையும் சேர்த்து எழுதினால், ஒவ்வொரு தாளிலும் 40 இருந்து மொத்தம் 600-க்கு 300 வந்தால் போதும். ஒன்றின் உபரி மற்றதன் குறையை ஈடுகட்டும். ஏ.எஃப்.எம். 40-ஐத் தாண்டி அதிகம் ஏறாது என்றால் சேர்த்து எழுதுவது புத்திசாலித்தனம். எழுத்து மட்டும்தான் பிரச்சினை என்றால் ஒற்றை குரூப்பே நல்லது. ஒன்றுக்கு 1,800 ரூபாய், இரண்டுக்கும் 3,300. இந்த முடிவை விடைத்தாளைப் பார்க்காமலே எடுக்க வைக்கிறீர்கள்.

நகலுக்கு வழி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. தாளுக்கு 500 ரூபாய், ஒரு குரூப்புக்கு 1,500. தேர்வு நடத்தி, மையம் பிடித்து, வினாத்தாள் அச்சிட்டு, திருத்தி, முடிவும் தர 1,800 ஆகிறது. திருத்தியதைத் திருப்பிக் காட்ட மட்டும் 1,500 ஆகிறது! காஸ்டிங் தாளில் இப்படி ஒரு விலை நிர்ணயத்தை எழுதினால் எத்தனை மதிப்பெண் தருவீர்கள்? பணம் கட்டியும் நகல் வர வாரக்கணக்கில் ஆகிறது. விண்ணப்பத் தேதி எப்போதோ போயிருக்கும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பக்கத்துக்கு 2 ரூபாய்தான். கம்பெனி செயலாளர் நிறுவனத்தின் வழக்கில் 2019-இல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. ஆனால் அந்தச் சட்டம் தரும் அவகாசம் 30 நாள். பாதிக் காலம் அதிலேயே கரைந்துவிடும். 100 ரூபாய் கட்டிக் கேட்கும் சரிபார்ப்போ, திருத்தாமல் விட்ட விடை உண்டா, கூட்டல் சரியா என்பதோடு நின்றுவிடுகிறது.

கேள்வி வாரியான மதிப்பெண் தரப்படாது என்கிறது 1988 பட்டயக் கணக்காளர் ஒழுங்குமுறையின் 39(4). கட்டுக்கட்டாகத் தாளைத் தூக்கி, பேனாவால் கூட்டல் போட்ட காலத்து விதி அது. இன்று விடைத்தாளை ஸ்கேன் செய்து திரையில் திருத்துகிறீர்கள். எங்களுக்கு மறுக்கும் அதே எண்கள் உங்கள் கணினியில் ஏற்கெனவே கிடக்கின்றன.

ஒரு நிறுவனத்தின் கணக்கில் குறை இருக்கிறது என்று தணிக்கையாளர் எழுதினால், அந்தக் கருத்துக்கு என்ன அடிப்படை என்று தனித் தலைப்பிட்டுச் சொல்லியாக வேண்டும். அது இல்லாத அறிக்கை தரநிலைக்குப் பொருந்தாது என்று எங்களுக்குக் கற்றுத்தருவது உங்கள் பாடநூல். அதே பாடத்தில் எங்களைப் பற்றி நீங்கள் தரும் அறிக்கையில் அடிப்படைப் பத்தியைக் காணோம்.

இந்த வெற்றிடத்தில் யார் பிழைக்கிறார்கள் என்பதும் உங்களுக்குத் தெரியாததல்ல. எங்கே தவறினோம் என்று தெரியாதவரிடம் ‘ஃபாஸ்ட் ட்ராக்’ வகுப்பை விற்பது சுலபம். இந்தியில் விடை எழுத வழி செய்திருக்கிறீர்கள், தமிழில் இல்லை. அதை இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம். எந்த மொழியில் எழுதினாலும் எழுதியதைப் பார்க்கும் உரிமையாவது பொதுவாக இருக்கட்டும்.

கோபத்தில் கொஞ்சம் தடம் மாறிவிட்டோம், பொறுத்தருளுங்கள். பணிவோடு மறுபடி கேட்கிறோம்: முடிவு வந்த ஒரு வாரத்துக்குள் விடைத்தாள் நகலும் கேள்வி வாரியான மதிப்பெண்ணும் வேண்டும். கட்டணம் தவிர்க்க முடியாதென்றால் தகவல் உரிமைச் சட்டத்தின் அளவுக்குள் வையுங்கள். 39(4)-ஐத் திருத்த நாளாகும் என்றால், அதுவரை ஒன்று செய்யலாம். விண்ணப்பத்தில் குரூப்பையும் மையத்தையும் மாற்றிக்கொள்ள நீங்கள் திறக்கும் திருத்த அவகாசத்தை, நகல் கேட்டவர்களுக்கு அது கிடைத்த மறுநாள் வரையாவது மூடாமல் வையுங்கள்.

இப்படிக்கு,
மறுபடி எழுதத் தயாராகும் இறுதித் தேர்வு மாணவர்கள்