உணவுப் பட்டியல் யாருக்காக?

ஆசிரியருக்கு வணக்கம்.

உங்கள் உடல்நலப் பகுதியில் உணவு மாற்றம் பற்றி வரும் கட்டுரைகளை விடாமல் படிக்கிறேன். உப்பைக் குறையுங்கள், சர்க்கரையைக் குறையுங்கள், காய்கறியைக் கூட்டுங்கள், எல்லாம் சரி. ஆனால் ஒவ்வொரு கட்டுரையும் கடைசியில் 'மனசு வைத்தால் முடியும்' என்று போய் நிற்கிறது, அதைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. வீட்டில் யார் சமைக்கிறார்கள், வேலை எத்தனை மணிக்கு முடிகிறது, கையில் காசு எவ்வளவு, கூட உட்கார்ந்து சாப்பிட ஆள் உண்டா, இதையெல்லாம் பொறுத்துத்தான் ஒரு மாற்றம் நிலைக்கும்.

என் கணவருக்குச் சர்க்கரை நோய், வேலையோ இரவு ஷிப்ட். முதலில் கொடுத்த பட்டியலில் காலை 8 மணிக்கு டிபன், பகல் 1 மணிக்குச் சாப்பாடு என்று இருந்தது. 8 மணிக்கு அவர் வீடு வந்து படுப்பார், 1 மணிக்கு நல்ல தூக்கத்தில் இருப்பார், அப்புறம் எப்படிக் கடைப்பிடிப்பது? பிறகு பார்த்த உணவு ஆலோசகர் எடுத்த எடுப்பிலேயே எப்போது தூங்குவீர்கள், நடுராத்திரி பசித்தால் பக்கத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டார். பிஸ்கட்டும் இனிப்பு பானமும்தான் என்றார் இவர். கிளம்பும்போதே டப்பாவில் சாப்பாடு, டாக்டரிடம் கேட்டு மாத்திரை நேரத்தில் மாற்றம் என்று பட்டியலே வேறாகிவிட்டது. இன்றுவரை அதன்படிதான் சாப்பிடுகிறார்.

உப்பும் இப்படித்தான். ரத்த அழுத்தம் உள்ள ஒருவருக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் சமைத்தால் சமைப்பவருக்குச் சலித்துவிடும், சாப்பிடுபவருக்கோ தண்டனை மாதிரி இருக்கும். வீட்டில் எல்லோருக்குமே கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் சில வாரங்களில் நாக்கு பழகிவிடும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்வது நோயாளிக்கு மட்டுமான அளவு இல்லையே.

அமெரிக்காவில், சர்க்கரை நோய் வரக்கூடிய நிலையில் இருந்தவர்களிடம் நடத்தி 2002-இல் வெளியான பெரிய ஆய்வில், உணவையும் உடற்பயிற்சியையும் மாற்றிக்கொண்டவர்களுக்கு நோய் வருவது 58 சதவீதம் குறைந்தது. இந்த எண்ணை எல்லோரும் எழுதுகிறார்கள். ஆனால் அங்கே பட்டியலைக் கையில் கொடுத்து அனுப்பிவிடவில்லை, முதல் 24 வாரங்களில் 16 பாடங்களை ஒவ்வொருவரோடும் தனித்தனியாக உட்கார்ந்து, அவரவர் நிலைமைக்கு ஏற்றபடி சொல்லிக்கொடுத்தார்கள். அதையும் சேர்த்து எழுத வேண்டாமா?

அடுத்த முறை உணவுப் பட்டியல் போடும்போது இரவு வேலைக்காரர்களுக்கு ஒன்று, விடுதிச் சாப்பாட்டை நம்பி இருப்பவர்களுக்கு ஒன்று, தனியாக வாழும் முதியவர்களுக்கு ஒன்று என்று தயவுசெய்து பிரித்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி