மனம் வரும்வரை காத்திருக்க வேண்டாம், அக்கா

லண்டன்,
ஞாயிறு இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய குரல் பதிவைக் கேட்டேன். "சீனி வருத்தத்துக்கு நடக்க வேண்டும் என்று கிளினிக்கில் சொல்கிறார்கள், எனக்கு மனம்தான் வருவதில்லை" என்று சிரிக்கிறீர்கள். தொலைபேசியில் பதில் சொன்னால் பேச்சை மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே எனக்கும் இரத்தம் சோதித்தார்கள். இரத்தச் சீனியின் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு இங்கத்தைய அலகில் 42 முதல் 47 வரை இருந்தால் அதைச் சீனி வருத்தத்தின் முன்கட்டம் என்கிறார்கள். நான் அதற்குள் நிற்கிறேன். பயப்பட வேண்டாம், குளிசை தரவில்லை. தேசிய சுகாதார சேவையின் ஒன்பது மாத இலவச வகுப்பில் சேர்த்திருக்கிறார்கள். சோற்றைக் குறை, கீரையைக் கூட்டு என்பதையெல்லாம் வல்லாரைச் சம்பல் அரைத்துக்கொண்டே அம்மா எப்போதோ சொல்லிவிட்டார்.

எனக்குப் பிடித்தது வேறு. வகுப்பு நடத்துகிறவரிடம் "நடப்பேன்" என்று மட்டும் சொன்னால் விடமாட்டார். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த வேலை முடிந்த கையோடு என்று துருவுவார். நாலு மணிக்கே இருட்டிவிடும் இந்த ஊர் மார்கழியில் ஆர்வம் தானாக எங்கிருந்து வரும்? பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டதும் வீட்டுக்குத் திரும்பாமல் அப்படியே பூங்காவைச் சுற்றுகிறேன். கதவைத் திறந்து கேத்தலைப் போட்டேனோ, அன்றைய நடை போயிற்று.

பழக்கம் படிய எத்தனை நாள் ஆகும் என்று லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். சராசரி 66 நாள். சிலருக்கு 18, சிலருக்கு 254 வரை இழுக்குமாம். நடுவில் ஒரு நாள் தவறினால் ஒன்றும் கெட்டுவிடாது. ஆகவே ஒரு கிழமையில் பழகிவிடும் என்று அத்தான் சொன்னால் நம்பாதீர்கள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் 'பார்க்ரன்' என்று பூங்காக்களில் ஐந்து கிலோமீற்றர் ஓடுகிறார்கள். 2004இல் இங்கே புஷி பூங்காவில் 13 பேரோடு தொடங்கியது. காசில்லை, நடந்தும் முடிக்கலாம். எல்லோருக்கும் பின்னால் வருவதற்கென்றே ஒரு தொண்டர் இருப்பதால் நாம் கடைசியாக வந்துவிடுவோமோ என்ற கூச்சம் இல்லை. போன சனி என்னோடு நடந்த மூதாட்டி முழங்காலில் பட்டி கட்டியிருந்தார். வழி நெடுகத் தன் மருமகளைத் திட்டியபடியே வந்து, முடிவுக் கோட்டில் என்னை முந்திவிட்டார்!

இனி உங்கள் விஷயம். ஏழு மணிக்குமேல் மட்டக்களப்பு வெயில் நடக்க விடாது. விடியற்காலை வாசல் கூட்டி முடிந்ததும், அடுப்பு மூட்டுமுன், கல்லடிக் கடற்கரைக்கு இறங்குங்கள். மச்சாளிடம் பேசிவிட்டேன், திங்கட்கிழமை கேற்றடியில் வந்து நிற்பார். நீங்கள் குளிசை போடுகிறவர் என்பதால் வெறும் வயிற்றில் நடக்கலாமா என்று கிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். சீனி இறங்கித் தலை சுற்றினால் வாயில் போட இரண்டு இனிப்பும் கையில் இருக்கட்டும்.

ஊருக்கு அனுப்பும் பெட்டியில் உங்களுக்கும் மச்சாளுக்கும் ஒவ்வொரு சோடி சப்பாத்து வைக்கிறேன். சேலையோடு போட வெட்கம் என்றால் இருவருமாக வெட்கப்படுங்கள். பெட்டியைப் புதன்கிழமை கட்டுகிறார்கள், அதற்குள் கால் அளவைச் சொல்லுங்கள்.

அன்புடன்,
உங்கள் தங்கச்சி