இருட்டுவதற்குள் வீடு திரும்ப யாரால் முடியும்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் வேலூர் பதிப்பில் பெண்கள் பாதுகாப்புக் கூட்டம் பற்றிய செய்தி வந்திருந்தது. 'பெண்கள் இருட்டிய பிறகு தனியாக வெளியே வருவதைத் தவிர்க்க வேண்டும்' என்று மேடையில் ஒருவர் பேசியதைக் கட்டம் கட்டிப் போட்டிருந்தீர்கள். என் அப்பா காலத்திலிருந்து எங்கள் வீட்டில் வாங்கும் பத்திரிகை இது. அதில் வந்ததால்தான் மனது இவ்வளவு நோகிறது.

யார் தவிர்ப்பது? ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் தோல் கம்பெனி, ஷூ கம்பெனிகளில் ஷிப்ட் முடிந்து வருகிறவர்களா? சி.எம்.சி. ஆஸ்பத்திரியில் கணவரைச் சேர்த்துவிட்டு, பாஷை தெரியாத ஊரில் மருந்துச் சீட்டோடு காந்தி ரோட்டில் லாட்ஜுக்கு நடக்கும் வங்காளத்துப் பெண்ணா? நான் ஒரு துணிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். கடை சாத்திக் கணக்கு முடிக்க ஒன்பதரை ஆகும். தீபாவளிச் சமயம் பதினொன்று. இருட்டுவதற்குள் வீட்டுக்குப் போ என்றால், வேலையை விடு என்றுதானே அர்த்தம்?

'தனியாக' என்றும் சொல்லியிருக்கிறார். 2022 மார்ச்சில் காட்பாடியில் இரவுக் காட்சி படம் பார்த்துவிட்டு ஷேர் ஆட்டோ ஏறி, கூட்டுப் பாலியல் வன்கொடுமைக்கு ஆளான பெண் மருத்துவர் தனியாகப் போகவில்லை, நண்பரோடுதான் போனார். 2025 பிப்ரவரியில் கே.வி.குப்பம் அருகே ரயிலிலிருந்து ஒரு கர்ப்பிணி தள்ளிவிடப்பட்டது பகலில், அதுவும் பெண்கள் பெட்டியிலிருந்து. இரண்டையும் நீங்களே வெளியிட்டீர்கள். முதல் சம்பவத்தின்போது, 'அந்த நேரத்தில் சினிமா எதற்கு?' என்று எங்கள் தெருவில் கேட்காதவர்கள் குறைவு. அன்று கேட்ட அதே கேள்விதான் இன்று அறிவுரையாக வந்திருக்கிறது.

என் மகள் கல்லூரி மாணவி. பஸ்ஸில் ஒருவன் திரும்பத் திரும்ப உரசியதைக் கண்டக்டரிடம் சொன்னாள். 'நீ முன்னாடி தள்ளி நில்லும்மா' என்றாராம். அவன் அசையவில்லை, இவள்தான் நகர்ந்தாள். புகார் சொன்னால் வண்டியைப் பக்கத்துக் காவல் நிலையத்துக்கு ஓட்டிச் செல்ல வேண்டும் என்று தமிழ்நாட்டில் 1998-லிருந்தே சட்டம் இருக்கிறது. 2012-இல் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. பஸ் ஸ்டாண்டு, ரயில் நிலையம், தியேட்டர், பூங்கா, கோயில் எல்லா இடத்திலும் சாதாரண உடையில் பெண் போலீஸ் நிற்க வேண்டும் என்றும் உத்தரவிட்டது. அந்த வழக்கே தென்காசி பஸ் ஸ்டாண்டில் ஒரு பெண்ணிடம் முறைகேடாக நடந்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட ஒரு போலீஸ்காரர் பற்றியது. தங்களுக்குத் தெரியாததல்ல. கட்டம் கட்டுவதானால் அதைக் கட்டியிருக்கலாமே ஐயா.

ஸ்மார்ட் சிட்டிப் பணத்தில் 2022-இல் புது பஸ் ஸ்டாண்டு திறந்தார்கள், சந்தோஷம்தான். ஆனால் பஸ்ஸை விட்டு இறங்கிய பிறகு நடக்கிற தெருவில்தானே எங்களுக்குப் பயம். நான் இறங்கும் நிறுத்தத்தில் விளக்கு எரிந்து மாதக் கணக்காகிறது. நிழற்குடையில் குடித்துவிட்டுப் படுத்திருப்பார்கள். நாங்கள் ரோட்டில் நிற்போம். கடைத்தெருவில் உள்ள ஒரே பெண்கள் கழிப்பறையை ஏழு மணிக்கே பூட்டி, சாவியை எடுத்துப் போய்விடுகிறார்கள். என்னோடு வேலை செய்யும் பெண்கள் மதியத்துக்குப் பிறகு தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார்கள். சிறுநீர்த் தொற்று வராதவர்கள் எங்களில் இல்லை. இது பாதுகாப்புக் கணக்கில் வராதா? இருட்டுச் சந்தில் ஒதுங்கப் போகிற பெண்ணுக்கு எந்த மேடையில் அறிவுரை சொல்வீர்கள்?

பெரிதாக எதுவும் கேட்கவில்லை. கடைத்தெருக் கழிப்பறையைக் கடைசி பஸ் போகும்வரை திறந்து வைக்கும்படியும், நிறுத்தங்களில் விளக்கு போடும்படியும் ஒரு செய்தி வெளியிடுங்கள். பெண்கள் உதவி எண்கள் 181, 1091 இரண்டையும் உள்ளூர்ப் பக்கத்தில் தினமும் ஒரு ஓரத்தில் போடுங்கள். அந்தக் கட்டத்துக்குக் கொடுத்த இடமே போதும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகி,
கொசப்பேட்டை, வேலூர்.