விழா மேடையில் கொடுக்கும் மனு

ஆசிரியருக்கு,

கோயில் விழா, பள்ளி ஆண்டு விழா என்று சட்டமன்ற உறுப்பினர் எங்கு வந்தாலும் கையில் மனுக்கள் குவிகின்றன. அவற்றில் பல நகராமல் கிடப்பதற்கு அலட்சியம் மட்டுமே காரணமல்ல. 'எங்கள் தெருவுக்குக் கட்டடம் வேண்டும்' என்று மட்டும் எழுதினால் எந்த அதிகாரியாலும் மதிப்பீடு போட முடியாது.

தமிழகத்தில் சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஒரு தொகுதிக்கு ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். உறுப்பினர் பணியைப் பரிந்துரைப்பார். நிர்வாக அனுமதி தருபவர் மாவட்ட ஆட்சியர். ஆகவே மனுவில் ஊராட்சி அல்லது வார்டு, சர்வே எண், நிலத்தின் வகைப்பாடு மூன்றும் இருக்க வேண்டும். பெரும்பாலும் சிக்குவது நிலத்தில்தான். காலியாகத் தெரியும் இடம் பதிவேட்டில் நீர்நிலைப் புறம்போக்காகவோ தனியார் பட்டாவாகவோ இருந்தால் கேட்ட சமுதாயக்கூடப் பணி அங்கேயே முடங்கிவிடும். முதலில் கிராம நிர்வாக அலுவலரிடம் நிலத்தின் வகையும் உரிமையும் குறித்திருக்கும் 'அ' பதிவேட்டைப் பார்த்துவிடுவது நல்லது.

அடுத்தது பராமரிப்பு. உயர்கோபுர விளக்கு வந்துவிடும், மின்கட்டணம் உள்ளாட்சியின் தலையில் விழும். கட்டணம் பாக்கியானால் கம்பம் மட்டும்தான் மிஞ்சும். (திறப்பு விழாப் படத்தில் அது தெரியாது.)

கிராம சபை இப்போது ஆண்டுக்கு 6 முறை கூடுகிறது. அங்கே தீர்மானம் போட்டு அதன் நகலை மனுவோடு இணைத்தால் கோரிக்கைக்கு எடை கூடும். மேடையில் சால்வையோடு சேர்த்து நீட்டாமல், தொகுதி அலுவலகத்தில் கொடுத்துத் தேதியிட்ட ஒப்புகை வாங்கிக்கொள்ளுங்கள்.

– ஒரு வாசகர்